சமாதானப் பாட்டுக்கு ட்ரம்பெட் வாசித்தவர்

தங்கச்சிமடத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள கச்சத்தீவைப் பற்றிப் போட்ட ராக் பாட்டுக்கு ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் வேண்டும் என்று ஆசை. கோயில் தேர்பவனிக்கு வாசிக்கும் பேண்டு செட் அண்ணனைப் பிடித்தோம். கடலுக்குப் போகிறவர், அதனால் ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முதல் நாளே சிக்கல். நாங்கள் கிடாருக்குத் தோதாக ஈ மேஜரில் போட்டிருந்தோம். ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம், எழுதியதைவிட ஒரு முழு சுரம் கீழேதான் ஒலிக்கும், அதனால் அவ்வளவு ஏற்றித்தான் எழுத வேண்டும். அவர் தாளில் ஆறு ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றும் குறி)! "தம்பி, இது பாட்டா, வலையில மாட்டுன முள்ளா?" என்றார். கிடாரில் முதல் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு எஃப்புக்கு ஏற்றினோம். அவருக்கு ஜி, ஒரே ஷார்ப்.

அப்புறம் தொடக்கம். ராணுவ முழக்கம் மாதிரி வேண்டும் என்றான் எங்கள் பேஸ் கிடார்க்காரன். 1967-ல் பீட்டில்ஸ் தங்கள் அன்புப் பாட்டையே பிரெஞ்சு தேசிய கீதத்தின் முழக்கத்தோடுதானே தொடங்கினார்கள், அது போருக்கு எழுதிய கீதம்தானே என்று வாதாடினான். அண்ணன் சிரித்தார். "நம்ம ஊர்ல இந்தச் சத்தம் கேட்டா யார் வீட்டுத் துட்டினுதான் கேப்பாங்க." துட்டி என்றால் சாவு. ட்ரம்பெட்டின் வாயில் ஒரு சிரட்டையை வைத்துப் பாதி மூடி ஊதிக் காட்டினார். தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிடுவது போல இருந்தது. சரி, முழக்கம் போயிற்று.

பாட்டில் ட்ரம்பெட் இக்கரை, ட்ராம்போன் அக்கரை. கடைசிவரை மாறி மாறித்தான் வரும், முடிவில் மட்டும் ஒரே சுரத்தில் நிற்கும். பல்லவியில் இருந்த 'சமாதானம்' என்ற வார்த்தையைக்கூட எடுத்துவிட்டு 'விளக்கை அணைக்காதே' என்று மாற்றினோம். கடைசி டேக்கில் ட்ரம்பெட் சூடாகி சுருதி கொஞ்சம் ஏறிவிட்டது, இரண்டும் ஒட்டாமல் அதிர்ந்தன. திருத்த மனசு வரவில்லை.

மறுமொழி, பாம்பனிலிருந்து:

ஒட்டாததை விட்டுவைத்தது நல்லது. நான் ஒரு வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போயிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பக்கத்தில் நின்று பாடினார்கள். அதே தமிழ்ப் பாட்டு, அதே மெட்டு. ஆனால் கடைசி வரியை அவர்கள் இழுத்த இழுப்பில் நாங்கள் முன்னாலேயே முடித்துவிட்டு, அவர்கள் வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றோம்.