மறுமொழி: நவஹோ சமயத்தின் ‘ஹோஜோ’வுக்குத் தமிழ்ச்சொல்

> கட்டுரையில் இப்போதைக்குச் ‘சமநிலை’ என்று போட்டிருக்கிறேன். இல்லையென்றால் ‘ஹோழோ’ என்றே விட்டுவிடவா? ‘தியின் தினெஎ’வுக்குத் ‘தெய்வங்கள்’ போதும்தானே?

அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் சமயத்தில் ‘ஹோஜோ’ என்பது அழகும் ஒழுங்கும் நலமும் சேர்ந்த நிலை. அதை எழுதும்போது முதலில் ழகரத்தை எடுத்துவிடுங்கள். ரோமன் எழுத்தில் இசட்டும் எச்சும் சேர்ந்து நின்றாலே நம் கை ழகரத்துக்குப் போய்விடுகிறது. இது ‘டெலிவிஷன்’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது ‘ஷ’வின் இடத்தில் கேட்கும் ஒலி. ஹோஜோ என்பது ஓரளவு நெருங்கி வரும்.

‘சமநிலை’ தராசுச் சொல். அதில் அழகு இல்லை; ஹோஜோவின் வேரே அழகுதான். ஒரு பானை அழகாக இருந்தால் ‘நிஜோனி’, ஓர் இடம் அழகாக இருந்தால் ‘ஹோஜோனி’. முன்னால் நிற்கும் ‘ஹோ’ இடத்தை, சூழலைச் சுட்டும். 9 இரவு நடக்கும் ‘இராச்சடங்கு’ என்ற நோய்தீர் சடங்கின் வேண்டுதலிலும் முன்னே, பின்னே, கீழே, மேலே, சுற்றிலும் அழகு என்றுதான் வரும். அதனால் ‘சூழெழில்’ என்பேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். வேண்டுதல் முடிவில் நான்கு முறை சொல்லப்படும் ‘ஹோஜோ நாஹாஸ்த்லீ’ என்பது ‘சூழெழில் மீண்டது’ ஆகும். ‘உண்டாயிற்று’ என்று எழுதினால் பொருள் போய்விடும். மின்னல் தாக்கிய மரத்தைத் தொட்டதாலோ பிணத்தை நெருங்கியதாலோ கெட்டுப்போனதைப் பழையபடி ஆக்குவதே சடங்கின் வேலை. நலம் வேண்டி நடத்தும் ‘ஹோஜோஜி’ என்ற சடங்கைச் ‘சூழெழில் பாட்டு’ எனலாம். நடத்துபவரான ‘ஹதாலி’ என்ற சொல்லுக்கே பாடுபவர் என்றுதான் பொருள். இந்தச் சடங்கு பெரும்பாலும் 2 இரவு. பேறுகாலம், புதுவீடு, பயணம் என்று நோயில்லாதபோதும் நடக்கும். மற்ற நோய்தீர் சடங்குகளிலும் இதன் பாட்டு ஒன்றைச் சேர்ப்பார்கள். இடையில் விட்டுப்போன சொல்லையும் சடங்குக்காக வரையும் மணலோவியத்தில் பிசகிய கோட்டையும் அது சரிசெய்துவிடும். ஹோஜோவின் எதிர்ச்சொல்லான ‘ஹோச்ஹோ’வுக்குச் ‘சூழ்கேடு’.

> ‘சூழ்கேடு’ ஆலைக்கழிவுச் செய்தி மாதிரி இருக்கிறது. ‘சூழ்’ என்றதும் சூழ்ச்சி வேறு நினைவுக்கு வருகிறது. புழக்கத்தில் இருக்கும் ‘ஒத்திசைவு’ ஆகாதா?

ஒத்திசைவுக்கு இரண்டு பொருள்களாவது வேண்டும், ஒன்றோடொன்று பொருந்த. ஹோஜோ ஓர் இடம் முழுதும் இருக்கும் நிலை. சூழ்ச்சி பற்றிய பயம் வேண்டாம். குறளில் சூழ்தல் பெரும்பாலும் எண்ணுதல், ஆராய்தல்தான். நவஹோ மரபில் கிழக்குத் திசைக்கு உரியது சிந்தனை, தெற்குக்குத் திட்டமிடல். நல்வாழ்வு நினைப்பில் தொடங்குகிறது என்பதால் அந்தப் பழம்பொருளும் இங்கே பொருந்துகிறது. சூழ்கேடு பற்றிச் சொன்னது சரி. ‘எழிற்கேடு’ என்று மாற்றிக்கொள்ளலாம், ‘ஹோ’ உதிர்ந்தாலும்.

‘தியின் தினெஎ’வுக்குத் ‘தெய்வங்கள்’ ஒத்துவராது. ‘தியின்’ என்றால் புனித ஆற்றல் உடைய. ‘தினெஎ’ என்றால் மக்கள். அந்தக் கூட்டத்தில் பருவத்தோடு மூப்பும் இளமையும் மாறி மாறி வரும் பெண்ணும் உண்டு. இடியும் பாம்பும் குள்ளநரியும் உண்டு. எல்லாரும் நல்லவர்கள் அல்லர். காணிக்கையும் பாட்டும் முறைப்படி அமைந்தால் வந்து உதவக் கடமைப்பட்டவர்கள். முறை தவறினால் அதே ஆற்றல் வருத்தும். தீண்டினால் வருத்தும் ஆற்றலுக்குச் சங்கப் பாடல்களில் ‘அணங்கு’ என்ற சொல் இருக்கிறதே. ‘அணங்கு மாந்தர்’ என் பரிந்துரை. அணங்கு என்றால் இன்று அழகிய பெண் என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள்.