அப்பாவுக்கு ஈறுல சீழ், முன்பல்லு ஆடுது. க்ளீன் பண்ணா இன்னும் ஆடிடுமா?

அரக்கோணத்தான்:
வணக்கம், அப்பாவுக்கு 58 வயசு, ரொம்ப வருஷமா சுகர் இருக்கு, பிபிக்கு அம்லோடிபின் போடுறாரு. பிரஷ் பண்ணா ரத்தம் வர்றது பழைய கதை, வயசானா அப்படித்தான்னு விட்டுட்டாரு. இப்போ கீழ் முன்பல்லு ரெண்டும் நாக்கால தள்ளினாலே அசையுது, மேல் முன்பல்லு நடுவுல முன்ன இல்லாத சந்து விழுந்திருக்கு, கடைவாய் பக்கம் ஈறு கொப்புளம் மாதிரி வீங்கி தானா உடைஞ்சு சீழ் வருது, உடைஞ்சதும் வலி போயிடுது, கொஞ்ச நாள்ல திரும்ப அதே இடம். ஒவ்வொரு தடவையும் மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்குறாரு. டென்டிஸ்ட்கிட்ட போலாம்னா, க்ளீன் பண்ணித்தான் உங்க பெரியப்பாவுக்கு எல்லா பல்லும் ஆடிப்போச்சுன்னு ஒரே பிடிவாதம். அது உண்மையா?

சுமதி_வேலூர்:
எங்க மாமியாரும் இதே பாட்டுதான் பாடினாங்க தம்பி. கூட்டிட்டு போய் பண்ணதும் பல்லுக்கு நடுவுல சந்து தெரிஞ்சு, ஜில் தண்ணி குடிச்சா கூசி, வீட்ல எனக்குத்தான் திட்டு. கொஞ்ச நாள்ல கூச்சம் போயிடுச்சு, ரத்தமும் நின்னுச்சு. வாய் நாத்தம் போனதுதான் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி, அவங்ககிட்ட சொல்ல முடியுமா!

பல்லாங்குழி:
பெரியோ, அதாவது ஈறு நோய் டிபார்ட்மென்ட்ல வேலை பாக்குறேன், தினமும் ஒருத்தராவது இதைக் கேப்பாங்க. பல்லை ஆட வைக்கிறது க்ளீனிங் இல்லீங்க. ஈறு ஓரத்துல படியுற அழுக்கு இறுகி காரையாகுது, அதுல இருக்குற கிருமியால ஈறு வீங்கி ரத்தம் வருது. இந்த கட்டத்துல க்ளீன் பண்ணி ஒழுங்கா பிரஷ் பண்ணா பழையபடி ஆயிடும். விட்டா பல்லை பிடிச்சிருக்குற எலும்பு கரைய ஆரம்பிக்கும், அதுவும் பெரும்பாலும் வலியே இல்லாம. உங்க பெரியப்பாவுக்கு எலும்பு ஏற்கனவே போயிருக்கும், காரை சிமெண்ட் மாதிரி பல்லை எல்லாம் சேத்து பிடிச்சிருந்திருக்கும், அதை எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரிஞ்சிருக்கும். பழி மெஷின் மேல.

அப்பாவுக்கு முதல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல சின்ன கம்பி மாதிரி ஒண்ணை விட்டு ஆழம் அளப்பாங்க. 3 மில்லிமீட்டர் வரைக்கும் நார்மல், 5, 6ன்னு போச்சுன்னா பிரஷ் அங்க போகவே போகாது. மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரைக்கும் க்ளீன் பண்ணிட்டு, ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப அளப்பாங்க. அப்பவும் ஆழமா இருக்குற இடத்துல மட்டும் ஈறை திறந்து க்ளீன் பண்ண வேண்டி வரலாம். போன எலும்பு முழுசா திரும்பாது, மிச்சத்தை காப்பாத்தலாம். சீழ் வர்ற இடத்துல எக்ஸ்ரே கண்டிப்பா எடுங்க, அது ஈறுலேர்ந்து வருதா இல்ல செத்துப்போன பல்லோட வேர்லேர்ந்து வருதான்னு பாக்கணும், வேர்னா ரூட் கேனால். வெறும் மாத்திரையில சீழ் அடங்கும், உள்ள இருக்குற காரை அப்படியே இருக்கும், அதான் அதே இடத்துல திரும்ப வருது.

சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறுல இன்ஃபெக்ஷன் இருந்தா சுகரும் இறங்காம அடம் பிடிக்கும். அதனால ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) ரிப்போர்ட்டை கையோட எடுத்துட்டு போங்க. அம்லோடிபின் சிலருக்கு ஈறை தடிக்க வைக்கும், நீங்களா நிறுத்திடாதீங்க, பிபி டாக்டர்கிட்ட சொன்னா தேவைப்பட்டா மாத்தி கொடுப்பாரு. பீடி சிகரெட் உண்டான்னு நீங்க சொல்லல, இருந்தா அது ரத்தம் வர்றதையே மறைச்சிடும், நோய் உள்ளுக்குள்ள போயிட்டே இருக்கும்.

நாட்டுமருந்து_நடராஜன்:
எதுக்கு இவ்வளவு செலவு. வேப்பங்குச்சி, நல்லெண்ணெய் கொப்பளிப்பு, ஆடுற பல்லு மேல கிராம்பு தைலம். எங்க தாத்தா 90 வயசுல முறுக்கு கடிச்சாரு.

பல்லாங்குழி:
ஐயா தாத்தாவுக்கு வணக்கம், ஆனா அவருக்கு சுகர் இருந்திருக்காது. எண்ணெய் கொப்பளிக்கிறதுல கெடுதல் இல்ல, ஆனா இறுகின காரையை எந்த எண்ணெயும் கரைக்காது. கிராம்பு தைலத்தை அப்படியே ஈறுல வெச்சா வெந்து வெள்ளையா தோல் உரியும், நான் பாத்திருக்கேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணி தாராளமா கொப்பளிக்கலாம். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் டாக்டர் சொன்ன நாளைக்கு மட்டும் போதும், மாசக்கணக்குல கொப்பளிச்சா பல்லுல பழுப்பு கறை படியும், நாக்குல ருசியும் மாறும்.

அரக்கோணத்தான்:
ரொம்ப நன்றிங்க, அப்பாகிட்ட சத்தமா படிச்சு காட்டினேன், சிமெண்ட் மேட்டர்ல கொஞ்சம் யோசிக்கிறாரு. பீடி உண்டு, நாலஞ்சு. கிளினிக்ல கேட்டா ஊசி, எக்ஸ்ரே, சிட்டிங்னு பெரிய தொகை சொல்றாங்க. வேற வழி இருக்கா? இடையில திரும்ப வீங்கினா என்ன பண்றது?

சுமதி_வேலூர்:
சென்னையில கோட்டை ஸ்டேஷனுக்கு எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு தம்பி, அங்கதான் மாமியாருக்கு பாத்தோம். காலைலயே போயிடுங்க, கூட்டம் இருக்கும், உக்காந்தாகணும்.

பல்லாங்குழி:
ஆமா அங்கேயே போங்க. நடுவுல ஈறுல மட்டும் வீங்கினா சீக்கிரம் காட்டினா போதும். ஆனா தாடைக்கு கீழ வீங்கி, வாய் திறக்க முடியாம, எச்சில் முழுங்க கஷ்டப்பட்டா இல்ல காய்ச்சலோட மூச்சு வாங்கினா டென்டல் ஓபி வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் நேரா பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டி, சுகர்காரங்களுக்கு இது மணிக்கணக்குல கழுத்துக்கு இறங்கும். போற அன்னைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு போகாதீங்க, டிபன் சாப்பிட்டு சுகர் மாத்திரை வழக்கம்போல போடட்டும். ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் மாதிரி எதாவது போடுறாருன்னா சீட்டை காட்டுங்க, வீட்லயே நிறுத்திட்டு வராதீங்க.