ஒரே வீட்டுக்கு இரண்டு மொழியில் தேர்தல் தபால்

டெக்சஸ்வாசி: என் மனைவி மெக்சிகோ வம்சாவளி, மூன்றாம் தலைமுறை, ஸ்பானிஷ் வாசிக்கவே வராது. தேர்தல் வந்தால் போதும், அவள் பெயருக்கு மட்டும் ஸ்பானிஷில் பளபள பிரசார அட்டைகள், எனக்கு ஆங்கிலத்தில். எப்படிப் பிரிக்கிறார்கள்?

மாறன்: குடும்பப் பெயரை வைத்துத்தான். வாக்காளர் பட்டியல் கட்சிகளுக்குக் கிடைக்கும், கார்சியா, மார்ட்டினெஸ் என்று ஸ்பானிஷ் பெயராக இருந்தால் ஸ்பானிஷ் தபால் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். மயாமியில் இருக்கும் கியூபா வம்சாவளிக்காரரும் மெக்சிகோ வம்சாவளியான உங்கள் மாமனாரும் அவர்களுக்கு ஒன்றாம்!

கயல்: இதெல்லாம் வெறும் எரிச்சல்தான். 2006ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில், குடியேறியவர்கள் ஓட்டுப் போட்டால் சிறை என்று மிரட்டி சுமார் 14,000 பேருக்கு ஸ்பானிஷ் கடிதம் போனது. குடியுரிமை வாங்கியவருக்கு ஓட்டுரிமை உண்டு, ஆக அப்பட்டமான பொய். அனுப்பியது குடியரசுக் கட்சி வேட்பாளர் டான் நுயென் தரப்பு, அவரே வியட்நாமிலிருந்து குடியேறியவர்! பிற்பாடு அவருக்குச் சிறை கிடைத்தது, அதுவும் கடிதத்துக்காக இல்லை, விசாரணையைத் திசைதிருப்பியதற்காக.

டெக்சஸ்வாசி: அடப்பாவி. சரி, இதைக் குறைக்க வழி?

மாறன்: முன்கூட்டியே ஓட்டைப் போடச் சொல்லுங்கள். யார் போட்டாயிற்று என்பது பதிவில் தெரியும், விவரமான பிரசாரக்காரர்கள் அந்தப் பெயருக்கு அப்புறம் தபால் செலவு செய்ய மாட்டார்கள்.