“காட்டலேன்னா யாரும் பேச மாட்டாங்க மிஸ்”

அல்சூர் டியூஷன் டீச்சர்:

பெங்களூரு அல்சூரில் எஸ்எஸ்எல்சி பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். ப்ரிப்பரேட்டரி என்ற மாதிரித் தேர்வுக்கு முன்னால் வைத்த டெஸ்டில் இரண்டு பேப்பர் சிக்கின. இருபடிச் சமன்பாட்டில் ஒரே வரியில் மைனஸ் விட்டுப்போயிருந்தது. ஒரே இடத்தில் அடித்துத் திருத்தியும் இருந்தது.

பார்த்து எழுதியவனைவிடக் காட்டியவனை நினைத்துத்தான் எனக்கு மனசு ஆறவில்லை. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவன். ஏன்டா காட்டினே என்று கேட்டால், “காட்டலேன்னா யாரும் பேச மாட்டாங்க மிஸ், கிரிக்கெட்டுக்கும் கூப்பிட மாட்டாங்க” என்றான். அந்த வயதில் கூட்டாளிகள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், மார்க் பயத்தைவிடப் பெரிது. ‘திருட்டுப் புத்தி’ என்று திட்டுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஏமாற்றிய பிள்ளைகள் அதற்கப்புறம் ‘இதெல்லாம் பெரிய தப்பில்லை’ என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஆசையை அடக்கிக்கொண்டவர்கள் முன்னைவிடக் கறாரானார்கள். முதல் தடவையிலேயே கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும் என்று நான் துடிப்பது இதனால்தான்.

ஸ்ரீராமபுரம் அண்ணன்:

டீச்சர், பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன செய்ய? என் தம்பி 2024-இல் எழுதினான். கர்நாடகாவில் அந்த வருடம்தான் தேர்வு அறைகளில் கேமரா வைத்து, நடப்பதை நேரலையில் கண்காணிக்கும் வெப்காஸ்டிங் செய்தார்கள். முந்தின வருடம் 83.89 சதவீதமாக இருந்த தேர்ச்சி 73.40-க்கு இறங்கியது, அதுவும் கருணை மதிப்பெண்ணை உயர்த்திக் கொடுத்த பிறகு. “ஒன் மார்க் எல்லாம் ஹால்லயே சொல்லிடுவாங்கன்னு சீனியருங்க சொன்னாங்கண்ணா” என்று தம்பி அந்தப் பகுதியைப் படிக்காமலே போயிருந்தான். பள்ளிக்கு நூறு சதவீத ரிசல்ட் வேண்டும் என்று பெரியவர்களே கண்ணை மூடிக்கொண்டால், பிள்ளை அதைத்தானே வழக்கம் என்று எடுத்துக்கொள்ளும்?

அல்சூர் டியூஷன் டீச்சர்:

உண்மைதான் தம்பி. என்னால் முடிந்தது என் வகுப்பறை மட்டும். மார்க்கைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டேன். தப்பைத் தானே திருத்திக் கொண்டுவந்து விளக்கினால் பாதி மார்க் திரும்பக் கிடைக்கும். முன்பெல்லாம் பேப்பரை வாங்கினதும் பையில் திணித்துவிடுவார்கள். இப்போது டெஸ்ட் முடிந்தபிறகும் உட்கார்ந்து சந்தேகம் கேட்கிறார்கள். பெற்றோர் கூட்டத்திலும் ஒன்றைக் கெஞ்சியே கேட்டிருக்கிறேன்: ஊரிலிருந்து போன் பண்ணும் சித்தப்பா, அத்தையிடம் பிள்ளை காதுபட மார்க் பேச்சை எடுக்காதீர்கள்.