கில்பர்ட் மஞ்சளுக்கு வெயில் கேட்குமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 24 வயது. குறுவை அறுப்பில் ஒரு வேளை சாப்பாடு தவறினால் போதும், மறுநாள் கண்ணின் வெள்ளை எலுமிச்சைத் தோல் நிறமாகிவிடும். ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறத்தைத் தரும் நிறமி) 3.4, மற்ற கல்லீரல் சோதனையெல்லாம் சரி. கில்பர்ட் சிண்ட்ரோம், பரம்பரையாக வருவது, மருந்தே வேண்டாம் என்றார் டாக்டர். அம்மா கேட்டால்தானே! தினமும் கீழாநெல்லி.

மஞ்சள் காமாலை வந்த பச்சைக் குழந்தைகளை நீல விளக்கில் வைப்பார்களே, அந்த ஒளி தோலிலுள்ள பிலிருபினைக் கரையும் வடிவுக்கு மாற்றி வெளியேற்றுகிறது. அப்புறம் நாள் முழுக்க வயல் வெயிலில் நிற்கிறவனுக்கு ஏன் மஞ்சள் ஏறுகிறது? பட்டினிதான் மிஞ்சிவிடுகிறதோ?

கில்பர்ட் உள்ள யாராவது டாக்டர் சொல்லி ஒளி சிகிச்சை எடுத்து, முன்னும் பின்னும் ரத்தம் பார்த்ததுண்டா? எண்ணோடு சொல்லுங்கள். மந்திரிப்பவர் முகவரி வேண்டாம், ஏற்கெனவே மூன்று கைவசம் இருக்கிறது.