கச்சானுக்கு முதல் புல்லுமலை வளவு

வாட்ஸ்அப் குழு: எங்கட குடும்பம்

தங்கச்சி, காலை 6:10
மட்டக்களப்புப் புல்லுமலை வளவில அத்திவாரம் வெட்டத் தொடங்கியாச்சு. மேற்குப் பக்கம் முழுக்க வன இலாகாக் காடு. எல்லைக் கல்லுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில 14 மீற்றர்தான் கிடக்கு. கச்சான் காத்துத் தொடங்கினா நெருப்பு வருமோ எண்டு பயமாக் கிடக்கு. இப்பவே என்ன செய்யலாம்?

மூத்தண்ணன், 6:18
வீட்டைக் கிழக்கே தள்ள ஏலுமெண்டா தள்ளு. 30 மீற்றர் விட்டா நல்லம். கச்சான் மேற்கில இருந்து அடிக்கிற காத்து. காட்டில பத்தினா நேரா உன்ர பின் சுவருக்குத்தான் கொண்டு வரும்.

தங்கச்சி, 6:20
ஏலாது அண்ணா. கிழக்கே கிணறு, அதுக்கங்கால றோட்டு.

சின்ன மாமா, 6:41
அப்ப கேளு புள்ள. சுவாலை வந்து வீட்டைத் தொடுறது கடைசியில. அதுக்கு முதல் தணல் பறந்து வரும். காவோலைத் துண்டு ஒண்டு எரிஞ்சபடியே காத்தில கனதூரம் போகும். விழுற இடத்தில சருகு கிடந்தா பத்தும், வெறும் மண்ணெண்டா நூந்து போகும். 2018ல கலிபோர்னியாவில பரடைஸ் எண்ட ஊர் எரிஞ்சு 85 பேர் செத்தாங்க. அந்தப் படங்களைப் பாத்தா வீடு சாம்பலாக் கிடக்கும், பக்கத்து மரம் பச்சையா நிக்கும். காட்டுத் தீயே வந்து எரிச்சதெண்டா மரம் மிஞ்சாது. தணலும் பக்கத்து வீட்டுச் சூடும்தான் எரிச்சது.
அதால சுவரைச் சுத்தி முதல் 1.5 மீற்றருக்குள்ள பத்துற சாமான் ஒண்டும் இருக்கப்படா. சீமெந்துப் பாவு, இல்லாட்டி கிரவல் போடு. விறகு, தேங்காய் மட்டை, பிளாஸ்ரிக் கதிரை, வாசல்ல போடுற தும்புக் கால்மிதி எல்லாம் இதில சேரும். விறகுக் குத்தியைச் சுவரோட அடுக்கிறதுதான் நம்மட ஆக்கள் விடுற பெரிய பிழை.

மாமி, 6:44
கூரைக்கு என்ன போடச் சொல்றீங்க?

சின்ன மாமா, 6:52
ஓடு. அஸ்பெஸ்டஸ் சீற் சூடேறினா வெடிச்சுத் தெறிக்கும், கீழ ஆக்கள் நிக்க ஏலாது. ஓட்டிலயும் ஒரு பிழை வரும். கடைசி ஓட்டுக்கும் சுவர்த் தலைக்கும் இடையில விரல் போற இடைவெளி விட்டிருப்பாங்க. அதுக்குள்ளால தணல் போனா உள்ள கிடக்கிற மரத்தில பத்தும், வெளியில ஒண்டும் தெரியாது. அதைச் சாந்து வச்சு அடைக்கச் சொல்லு. காத்து வேணுமெண்டா 3 மில்லிமீற்றருக்குக் கூடாத கண்ணுள்ள கம்பி வலை. நுளம்புக்கு அடிக்கிற நைலோன் வலை உருகிப் போகும். பின்னால கிடுகுப் பத்தி (பின்னின தென்னோலை வேஞ்ச சாய்ப்பு) இறக்கிற யோசினை இருந்தா விட்டிரு.
கூரைத் தண்ணி ஓடுற பீலியில சருகு நிக்க விடப்படா. கச்சான் மாசங்களில கிழமைக்கு ஒருக்கா ஏறி அள்ளு.

மூத்தண்ணன், 7:05
ஓலை வேலியையும் சொல்லுங்க மாமா. காட்டுப் பக்கம் இருந்து வாற ஓலை வேலி சுவரில வந்து முடிஞ்சா, அது திரி மாதிரி நெருப்பை வீட்டுக்குள்ள இழுத்து விடும். கடைசி 3 மீற்றரைக் கம்பி வேலியா மாத்து.

மச்சான், 7:20
புல்லைப் பத்தி நான் சொல்றன். வளவில நிக்கிறது ரெண்டு சாதி. இலுக்கு, கினிப்புல். இலுக்கை எரிச்சா அழியாது, கிழங்கு மண்ணுக்குள்ள கிடந்து மறுகா இன்னும் அடர்த்தியா வரும். அடிக்கடி வெட்டி, நிழல் விழப் பண்ணினாத்தான் ஒடுங்கும். கினிப்புல் ஆளுயரத்துக்கு மேல வளந்து காஞ்சு நிக்கும். 2023ல ஹவாயில லஹைனா எரிஞ்சு நூறு பேருக்கு மேல செத்ததுக்கும், கைவிட்ட தோட்டங்களில வளந்து கிடந்த இந்த மாதிரிப் புல்லுதான் தீனி போட்டது.
உன்ர 14 மீற்றரில கல்லோட ஒட்டின 4 மீற்றரை மண் தெரியுமட்டும் செருக்கு. மிச்சத்தை 10 சென்ரிமீற்றருக்கு மேல வளர விடாத. நடுவில எலுமிச்சை, வாழை வைக்கலாம், ஆனா வாழையில காஞ்ச இலை தொங்கப்படா. தென்னையில பன்னாடையும் காஞ்ச ஓலையும் கழிச்சு விடு. எந்த மரமெண்டாலும் கீழ்க் கொப்பை 2 மீற்றர் உயரத்துக்கு வெட்டு, இல்லாட்டி புல்லு நெருப்பு அதைப் பிடிச்சு மேல ஏறும்.

தங்கச்சி, 7:24
கல்லுக்கு அங்கால நிக்கிற புல்லையும் வெட்டட்டா மச்சான்?

மச்சான், 7:27
வேண்டாம்! ஒதுக்குக் காட்டுக்குள்ள வெட்டுறது குற்றம், வழக்கு வரும். ஜி.எஸ். (கிராம சேவகர்) மூலமா வன இலாகாவுக்குக் கடிதம் குடு, பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி. காட்டோரத்தில தீத்தடைப் பாதை வெட்டித் தரச் சொல்லிக் கேளு. மழை முடிஞ்ச உடனே குடுக்கோணும், கச்சான் தொடங்கின பிறகு குடுத்துப் பிரயோசனமில்ல.
வெட்டின புல்லை வளவில எரிக்காத. மாட்டுக்குப் போடு, இல்லாட்டி வீட்டுக்குத் தூரக் கிடங்கு வெட்டித் தாழு. இஞ்ச காடு எரியிறது பெரும்பாலும் மனுசன் வைக்கிற நெருப்பாலதான். சேனைப் பயிர் செய்யக் காட்டை வெட்டி எரிக்கிறது, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கோணும் எண்டு வைக்கிறது, வேட்டைக்கு வைக்கிறது.

மாமி, 7:40
தண்ணிக்கு என்ன செய்றது? கிணத்தில கறண்ட் மோட்டர்தானே.

மூத்தண்ணன், 7:52
கம்பி எரிஞ்சா கறண்ட் நிக்கும், மோட்டரும் நிக்கும் மாமி. 1000 லீற்றர் தாங்கியை வீட்டுக்குக் கிழக்கே வைக்கோணும். பி.வி.சி. குழாய் மண்ணுக்கு வெளியில தெரிஞ்சா உருகி, தாங்கித் தண்ணி எல்லாம் ஓடிப் போகும். வெளியில வாற துண்டுக்கு இரும்புக் குழாயும், தண்ணி திறக்கிற பைப்புக்குப் பித்தளையும் போடோணும். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற 16 லீற்றர் மெசின் ஒண்டைக் கழுவி இதுக்கெண்டே வை. தாங்கி நிறைஞ்சா 60 தரம் நிரப்பலாம்.
சின்னப் புல்லு நெருப்பெண்டா எரிஞ்ச பக்கம் நிண்டு, பச்சைக் குழையால அமத்தி இழுக்கோணும். ஓங்கி அடிச்சா பொறி பறந்து முன்னால பத்தும். இடுப்புக்கு மேல சுவாலை வந்தா கைவிட்டு வெளிக்கிடுங்க. காட்டுக்குள்ள இறங்கவே வேண்டாம். நெருப்புக்கு யானையும் இந்தப் பக்கம்தான் ஒதுங்கும். எதிர்த்தீ, அதாவது வாற நெருப்புக்கு முன்னால நாங்களே நெருப்பு வைக்கிற வேலையும் வேண்டாம், பின்னேரம் காத்துத் திரும்பினா நீங்க வச்ச நெருப்பே உங்களச் சுத்தும்.

சின்ன மாமா, 8:03
வெளிக்கிடுற நேரம் காஸ் சிலிண்டரை மூடு, யன்னல் கதவு எல்லாம் சாத்து. 110 தீயணைப்பு, 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவம். மட்டக்களப்பில இருந்து வாகனம் வர நேரமெடுக்கும், கேற்றையும் பாதையையும் 3.5 மீற்றருக்குக் குறையாம விடு. நெருப்புக் கடந்து போன பிறகும் ரெண்டு மூண்டு மணித்தியாலம் கூரை, பீலி, சுவரோரம் எல்லாம் சுத்திச் சுத்திப் பாக்கோணும். கன வீடு அந்த நேரத்திலதான் எரியிறது.

தங்கச்சி, 8:10
சரி மாமா. கிடுகுப் பத்தியை நிப்பாட்டச் சொல்லி இண்டைக்கே மேசனுக்குச் சொல்றன். கடிதத்தை எழுதிப் போட்டு இதில போடுறன், மச்சான் ஒருக்காப் பாருங்க.

சின்ன மாமா, 8:12
ஓடு எடுக்கிற நேரமே வலையையும் எடுத்திரு. துருப்பிடிக்காத கம்பி, 3 மில்லிமீற்றர். கடைக்காரர் 6 தான் இருக்கு எண்டு தந்தா வாங்காத, தணல் அதுக்குள்ளால போகும்.