உங்கள் ப்ராஜெக்டில் நீங்களே எழுதிய வரி எது? (கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ப்ராஜெக்ட், ட்ரெய்னிங் அனுபவப் பகிர்வு)

கல்லூரி ஆசிரியை, நெல்லைப் பக்கம்

போன வாரம் வேறொரு கல்லூரிக்கு ப்ராஜெக்ட் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகப் போயிருந்தேன். ஒரே நாளில் 11 டீம். எல்லோரிடமும் பளபளவென்று ஸ்லைடு, பைண்டிங் போட்ட ரிப்போர்ட், கையெழுத்தான போனஃபைட் சர்ட்டிஃபிகேட். நான் எல்லா டீமிடமும் ஒன்றுதான் கேட்பேன்: "இதுல நீயே எழுதின ஓர் இடத்தைக் காட்டும்மா." ஒரு பெண் லேப்டாப்பைத் திறந்து, மேலே கீழே ஸ்க்ரோல் செய்துகொண்டே இருந்தாள். உதடு காய்ந்துவிட்டது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். 2012இல் அது என்னுடையது.

நாங்கள் நான்கு பேர். சென்னையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் ஆளுக்கு 3,500 ரூபாய் கொடுத்தோம். ஐஇஇஇ (பொறியாளர் அமைப்பு) ஆய்வுக் கட்டுரையின் டைட்டில், ஜாவாவில் கோடிங், ஒரு சிடி, ரிப்போர்ட், கூடவே இரண்டு நாள் எக்ஸ்ப்ளனேஷன் கிளாஸ். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். வைவாவில் வந்த பெரியவர் ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. "எந்த வரிம்மா நீ எழுதினது?" என்றார். நான் மாற்றியது ஜன்னலின் தலைப்பில் வரும் எங்கள் ப்ராஜெக்ட் பெயரை மட்டும். அதைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பையனைப் பார்த்தார். மார்க் வந்தது, பாஸ் ஆனேன். வீட்டில் இனிப்பு கூடக் கொடுத்தார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அதே கல்லூரியில், அதற்கு முந்தைய வருஷம் கிராஃபிக்ஸ் லேபில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டர்போ சி, நீலத் திரை. கோடு வரையும் ப்ரோக்ராம் ஓடாமல் 'பிஜிஐ எரர்' என்று வந்துகொண்டே இருந்தது. லேப் அசிஸ்டன்ட் அண்ணா பக்கத்து சிஸ்டத்தில் போய்ப் போடு என்றார். நான் நகரவில்லை. படம் வரைய வேண்டிய ஃபைல்கள் இருந்த இடம், சி ட்ரைவில் டிசி என்ற ஃபோல்டர், அதற்குள் பிஜிஐ என்ற ஃபோல்டர். அந்தப் பாதையை ஒற்றை பேக்ஸ்லாஷ் போட்டு எழுதியிருந்தேன். சி மொழியில் பேக்ஸ்லாஷுக்குப் பக்கத்தில் 'டி' வந்தால் அது டேப், 'பி' வந்தால் பேக்ஸ்பேஸ். ஆகவே என் பாதையில் ஃபோல்டர் பெயர்களே உருக்குலைந்து போயிருந்தன. இரட்டை பேக்ஸ்லாஷ் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு. அன்றைக்கு எழுதிய அப்சர்வேஷன் நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். 3,500 ரூபாய் சிடி எங்கே போனதென்று தெரியாது.

இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) எட்டாவது செமஸ்டரே ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்தான், 10 கிரெடிட். அவ்வளவு நேரத்தையும் பிள்ளைகள் எதில் செலவழிக்கிறார்கள் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் கையால் செய்த ஒன்றைச் சொல்லுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

டெலிகாம் வேலை, கோவை

மேடம், எனக்கு ப்ராஜெக்ட்டை விட இன்பிளான்ட் ட்ரெய்னிங்தான் நினைவில் இருக்கிறது. 2013, பிஎஸ்என்எல்லில் ஐந்து நாள். பலரும் முதல் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி நாள் சர்ட்டிஃபிகேட் வாங்க வந்தார்கள். நான் ஃபைபர் ஜாயின்ட் போடும் ஊழியர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நீல நிற இழை ஒன்றை எடுத்து மேல்பூச்சை உரித்தார். உள்ளே இருக்கும் கண்ணாடி 125 மைக்ரான், கிட்டத்தட்ட தலைமுடி கனம். ஒளி ஓடும் நடுப்பகுதி அதற்குள்ளே 9 மைக்ரான் அளவுதான். ஆல்கஹால் தொட்ட டிஷ்யூவால் துடைத்தார், சத்தம் வரும்படி. "கீச்னு கேட்டாத்தான் சுத்தம்" என்றார். க்ளீவரில் வைத்து வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு முனைகளையும் வைத்தார். சின்னத் திரையில் இரண்டும் எதிரெதிரே இரண்டு தூண்கள் போலத் தெரிந்தன. ஒரு பொறி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. இழப்பு 0.02 டெசிபெல் என்று காட்டியது. மேலே ஸ்லீவை இழுத்துவிட்டு ஹீட்டரில் வைத்தார்.

வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக செல்லோ டேப்பில் ஒட்டி எடுத்தார். "தரையில விட்டுறாதீங்க தம்பி, கால்ல ஏறினா கண்ணுக்கே தெரியாது." மூன்றாம் நாள் என்னையும் ஒன்று போடவிட்டார். முதல் இரண்டு முனைகள் கோணலாக வெட்டுப்பட்டன, மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றாவது சேர்ந்தது. லேபில் என்எஸ்2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரை ஓட்டி, கலர் கலராகப் பாக்கெட் ஓடுவதைப் பார்த்து ரெக்கார்டு எழுதியவன் நான். நெட்வொர்க் பாடத்தில் வரும் ஃபிசிக்கல் லேயர் என்ற சொல்லுக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது. இன்று சம்பளம் தரும் வேலையும் அதுவே.

திருவாரூர் பக்கம், விவசாயக் குடும்பம், 2018 பேட்ச்

எங்கள் போர்வெல்லுக்கு மும்முனை மின்சாரம் ராத்திரி நேரத்தில் வரும். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் போய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். பாம்பு பயம். அதனால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, போனில் இருந்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டி செய்வதென்று முடிவு செய்தோம்.

ஜீரோத் ரிவ்யூவில், அதாவது தலைப்பைச் சொல்லி ஒப்புதல் வாங்கும் கூட்டத்தில், முதல் கேள்வியே "பேஸ் பேப்பர் (அடிப்படையாக எடுத்த ஆய்வுக் கட்டுரை) எங்கே?" மோட்டார் கொட்டகைக்குப் பேப்பர் எங்கே போவது? இதில் என்ன புதுமை, கடையிலேயே கிடைக்கிறதே என்றும் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான், கடையில் கிடைத்தது. ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கைடு எழுந்து, "செய்யட்டும் சார், நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் சொல்லாவிட்டால் நாங்களும் சிடி வாங்கியிருப்போம்.

ரிச்சி தெருவுக்குப் போய் அர்டுய்னோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, சிம்கார்டு போட்டு கால், எஸ்எம்எஸ் செய்யும் சிம்800எல் மாட்யூல், ஸ்விட்ச் போல வேலை செய்யும் ரிலே வாங்கி வந்தோம். முதல் அடி சிம்கார்டில். அப்போது எங்கள் மூவரிடமும் ஜியோதான். ஜியோவில் 4ஜி மட்டும், மாட்யூல் 2ஜி மட்டும். இரண்டு நாள் ப்ரோக்ராம் கோடைத் திருத்தித் திருத்திப் பார்த்தோம், கோடில் ஒரு தப்பும் இல்லை. அம்மாவின் பழைய பட்டன் போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் போட்டதும் சிக்னல் எடுத்தது.

அடுத்தது கரன்ட். மாட்யூல் டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அர்டுய்னோவால் அதைக் கொடுக்க முடியாது. கால் வரும், உடனே மாட்யூல் செத்துப் பிழைக்கும். தனி சப்ளை வைத்தோம்.

லேபில் எல்லாம் சரியாக ஓடியது. கொட்டகையில் கொண்டுபோய் ஸ்டார்ட்டர் டப்பாவில் மாட்டினோம். பச்சைப் பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே, சிவப்புப் பட்டன் வயருக்கு நடுவே இன்னொன்று. மிஸ்டு கால் கொடுத்தேன். ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்குக் கரன்ட் விடும் கான்டாக்டர் 'டமார்' என்று ஒட்டியது, மோட்டார் உறுமியது, அடுத்த நொடியே அர்டுய்னோ ரீசெட் ஆகிவிட்டது. பத்துத் தடவையில் ஏழு தடவை அப்படி. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். அவர் பத்தாவது வரை படித்தவர். "கரன்ட் வயரையும் சிக்னல் வயரையும் ஏன்யா ஒண்ணா கட்டி வச்சிருக்கீங்க?" என்று டேக்கை வெட்டிப் பிரித்துவிட்டார். பாதி தொல்லை அதிலேயே போனது. மீதிக்கு கான்டாக்டர் காயிலின் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போட்டோம்.

தேர்ட் ரிவ்யூவுக்கு அப்பாவும் வந்திருந்தார், வாசலில் நின்றார். பேனலில் ஒருவர் ரீசெட் எதனால் வந்தது என்று கேட்டார். நான் கால் மணி நேரம் பேசினேன், யாரும் நிறுத்தவில்லை. இரண்டு போகம் அந்தப் பெட்டி ஓடியது. அப்புறம் அப்பா கடையில் ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். ஆனால் அது பழுதானபோது கழற்றிப் பார்த்துச் சரி செய்தது நான்தான்.

கிளிநொச்சியில் படித்தவர், இப்போது கொழும்பு

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், அறிவியல்நகர், கணினிப் பொறியியல். எங்கட பீடம் 2014இல்தான் தொடங்கினது. பயிற்சிக்குக் கொழும்பில ஒரு நிறுவனம் கிடைச்சது. ஒவ்வொரு நாளும் என்ன செய்தனாங்கள் எண்டு டயரி எழுத வேணும். முதல் மாதம் முழுக்க 'ஆவணம் வாசித்தேன்', 'கூட்டத்தில் இருந்தேன்' எண்டுதான் என்ர டயரி இருந்தது. குழுவில மற்ற எல்லாரும் சிங்களம் பேசுற ஆக்கள். நல்ல ஆக்கள், ஆனா பகிடிக்கு எல்லாரும் சிரிக்கேக்க நான் மட்டும் பேசாமல் இருப்பன்.

கிளினிக் ஒன்றுக்கு மூண்டு மொழியிலயும் நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்புற வேலை வந்தது. சோதனைக்கு என்ர போனுக்குத் தமிழ்ச் செய்தி ஒன்று அனுப்பினவை. அனுப்ப வேண்டியது இது: "கிளினிக்: நாளை 12, காலை 8 மணிக்கு இரத்தப் பரிசோதனைக்கு எதுவும் சாப்பிடாமல் வரவும்." எனக்கு வந்தது "எதுவும் சாப்பிட" எண்டதோட நிண்டிட்டுது.

அங்க தமிழ் வாசிக்கத் தெரிஞ்சது நான் ஒராள்தான். ஆங்கில எஸ்எம்எஸ் எண்டால் 160 எழுத்து. தமிழுக்குப் பாவிக்கிற யூனிகோட் எண்டால் 70தான், அதுக்கு மேல போறதைக் கோட் வெட்டி எறிஞ்சிருக்கு. அந்த 70உம் நாங்கள் எண்ணுற எழுத்து இல்லை. 'சாப்பிடாமல்' எங்களுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொண்டு: ச, கால், ப, புள்ளி, ப, விசிறி (இகரக் குறி) எண்டு ஒவ்வொண்டும் தனித்தனி. டயரியின்ர கடைசிப் பக்கத்தில பென்சிலால எண்ணிப் பார்த்தன். சரியா எழுபதாவது 'ட'வில முடிஞ்சது. நோன்போட வர வேண்டிய ஆளைச் சாப்பிடச் சொல்லுற மாதிரி ஆகியிருக்கும்.

பொறுப்பாளர் அக்காவிட்டப் போய்ச் சொன்னன். நீளமான செய்தியை இரண்டாப் பிரிச்சு அனுப்பலாம், ஆனா அதுக்கு இரண்டு எஸ்எம்எஸ் காசு. கடைசியில வசனத்தையே மாத்தினம்: 'சாப்பிடாமல் வரவும்' எண்டதை முதலில வைச்சு, மிச்சத்தைச் சுருக்கி. அந்த வசனத்தை எழுதினது நான். அண்டைக்கு டயரியில ஒன்றரைப் பக்கம் எழுதினன். வாய்மொழிப் பரீட்சையில அந்தப் பக்கத்தைத்தான் கேட்டவை.

இறுதியாண்டு மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. எங்கள் ஊராட்சி மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் டேங்க் ஆபரேட்டருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும், இதுதான் ப்ராஜெக்ட். நாங்களும் சிம்800எல்தான். கோட் முழுக்க சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தது, மறைக்க விரும்பவில்லை. மாட்யூல் லைட் வேகமாகச் சிமிட்டி, எட்டு பத்து சிமிட்டில் அணைந்து மறுபடி தொடங்குகிறது. கோடை அதனிடமே நாலு தடவை மாற்றி வாங்கிவிட்டோம். வெள்ளிக்கிழமை செகண்ட் ரிவ்யூ.

திருவாரூர் பக்கம்

தம்பி, கோடை விடுங்க. மாட்யூலுக்கு எங்கிருந்து கரன்ட் கொடுக்கறீங்க?

இறுதியாண்டு மாணவன்

அர்டுய்னோவோட 5 வோல்ட் பின்லேர்ந்து அண்ணா.

திருவாரூர் பக்கம்

அதுதான். அந்த மாட்யூலுக்கு 3.4லிருந்து 4.4 வோல்ட்டுக்குள்ளே வேணும், 5 கொடுக்காதீங்க. வோல்டேஜைக் குறைச்சுத் தர்ற எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்குங்க. மாட்யூலை மாட்டுறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டரை வச்சுக்கிட்டு, ஸ்க்ரூவைத் திருகி 4 வோல்ட்டுக்குக் கொண்டுவாங்க. 2 ஆம்பியர் தர அடாப்டர். மாட்யூல் பின்னுக்கு ஒட்டினாற்போல 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ப்ளஸ் மைனஸ் பார்த்து. அர்டுய்னோ கிரவுண்டையும் இதோட கிரவுண்டையும் சேர்க்க மறந்துடாதீங்க. செஞ்சு பார்த்துட்டு சொல்லுங்க.

கல்லூரி ஆசிரியை, நெல்லைப் பக்கம்

தம்பி, சாட்ஜிபிடி கொடுத்த கோடை வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படித்துவிடு. தொட்டி நிரம்பியதென்று முடிவு செய்யும் இடத்தை மட்டும் அழித்துவிட்டு நீயே எழுது. தண்ணீர் ஆடும்போது சென்சார் தப்பாகக் காட்டும், அதற்கு என்ன செய்வாய் என்று யோசித்து எழுது. நான் அங்கே வந்தால் அதைத்தான் கேட்பேன்.

இறுதியாண்டு மாணவன்

சரிங்க மேடம். அஞ்சு தடவை அளந்து நடு மதிப்பை எடுக்கலாம்னு தோணுது, இன்னைக்கு நைட்டு எழுதிப் பார்க்கறேன்.

அண்ணா, பக் கன்வெர்ட்டர் போட்டாச்சு. இப்போ லைட் மூணு செகண்டுக்கு ஒரு தடவைதான் சிமிட்டுது. டவர் எடுத்துருச்சு.